தகடு இல்லாத டைனமோ

மே 9, 1998, சனி

காலையில் மழை. பிறகு மாவட்டத் திடலில் பழைய கார்ச் சந்தை. பழைய கார்ச் சங்கத்தின் மேசையில் இருபத்திரண்டு வருஷமாக நான்தான் உட்காருகிறேன். பேர்த் தகடு போன டைனமோவை எவன் கொண்டுவந்தாலும் எந்த வண்டி, எந்த வருஷம் என்று சொல்வது என் வேலை. இன்று பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் லொரெட்டா என்ற பெண். பள்ளிப் பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷம் மெக்கானிக், இப்போது ஓய்வு.

ஒருவன் துருப்பிடித்த ஒன்றை வைத்தான். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள், "முப்பத்தாறு பியூக். புல்லி மட்டும் வேற வண்டியோடது" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அதுதான் எரிகிறது.

மே 10

சர்ச்சில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. புல்லி மட்டும் வேறாம்!

ஜூன் 13

வரிசை முழுக்க அவள் பக்கம். என்னிடம் வந்தது இரண்டு பேர். அதில் ஒருவன் கழிப்பறை எங்கே என்று கேட்டான்.

சங்கத் தலைவன் டெல்மர் சிரித்துக்கொண்டே வந்தான். "ஆர்வல், செப்டம்பர் பெரிய சந்தையில ஒரு நாற்காலிக்குத்தான் இடம். யாருன்னு ஓட்டெடுத்துடலாமா?" நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஜூன் 15

ஃபெர்ன் கேட்டாள்: "அந்தப் பொம்பளை உன்னை என்னதான் பண்ணினா? மரியாதையாத்தானே பேசுறா?" அதுதானே வயிற்றெரிச்சல்! திட்டினால் திருப்பித் திட்டலாம். என் மனைவிக்கு இது புரியாது.

ஜூன் 28

செய்துவிட்டேன். அவளைத் தப்பாகச் சொல்லவைக்க ஒரு டைனமோ. பியூக்கின் உடல், செவர்லேயின் பின்மூடி. இரண்டும் ஒரே இடத்தில் செய்தவை, அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் உடல் வலப்பக்கம் சுற்றுவது, மூடி இடப்பக்கம் சுற்றுவதற்கானது. எந்த வண்டியில் மாட்டினாலும் பேட்டரி ஏறாது. உடலைப் பார்த்துச் சொன்னாலும் தப்பு, மூடியைப் பார்த்துச் சொன்னாலும் தப்பு. உப்புத் தண்ணீர்த் துணியைச் சுற்றி வைத்து மேலாகத் துருவும் ஏற்றினேன். டைனமோ ரிப்பேர் பார்த்த காலத்தில் வாடிக்கைக்காரன் எவனுக்கும் இவ்வளவு கவனமாக வேலை செய்ததில்லை.

வெட்கமாக இருக்கிறதா? இல்லை. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 11

கூட்டம் சேருமுன் அதை மேசையடிப் பெட்டியில் போட்டேன். எந்த வண்டியுடையது என்று கேட்டு, பேர் எழுதாமல் அதில் போட்டுவிட்டு, சாயங்காலம் பதில் சீட்டோடு எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

பதினோரு மணிக்கு எடுத்தாள். நான் கையில் ஹாட்டாக்கோடு பின்னால் நின்றேன். புல்லியைச் சுழற்றினாள். உள்ளே டார்ச் அடித்தாள். சிரித்துவிட்டாள்.

"உடல் பியூக், மூடி செவர்லே. ஒண்ணு வலம், ஒண்ணு இடம். யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க." பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆனா கையைப் பாருங்க! ரெண்டு போல்ட் தலையிலயும் ஸ்க்ரூடிரைவர் வெட்டு நெட்டுக்குத்தா நிக்குது. எழுபத்தொம்பதுல எங்கப்பா லாரிக்குக் கடையில ஒரு டைனமோ வாங்கினோம். ரிப்பேர் பண்ணினவர் பேர் கிடையாது. அதுலயும் இதே மாதிரிதான் வெட்டு. இன்னிக்கு வரைக்கும் ஓடுது. இத்தனை வருஷமா இந்த ஆளைத்தான் தேடுறேன்."

நான்தான். நான்! அந்தக் கடைக்கு வாரம் இருபது டைனமோ மூட்டிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் வாயைத் திறந்தால் இந்தத் திருட்டு வேலையும் என்னுடையது என்றாகிவிடும். சட்டையில் ஹாட்டாக்கின் கடுகுச் சாந்தைக் கொட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டைனமோவை எடுக்கவில்லை.

ஜூலை 12

பேர் தெரியாத அந்த ஆளை அவள் புகழ்ந்தாளே, இப்போது அவன் மேலும் பொறாமையாக இருக்கிறது. எனக்குப் பைத்தியம்தான்.

ஆகஸ்ட் 8

மேசை நடுவில் என் டைனமோ. மேலே அட்டை: "இதை மூட்டியவர் யார்? தெரிந்தால் சொல்லவும்."

டெல்மர் பார்த்தான். "இது நம்ம ஹார்லன் வேலையா இருக்கும். பாவம், போய்ச் சேர்ந்துட்டான்."

ஹார்லன்! ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவன்! அவள் முகம் வாடிவிட்டது. "அடடா, பாக்காமலே போயிட்டேனே" என்றாள். செத்துப்போனவன் மேலும் பொறாமைப்படும்படி ஆகிவிட்டது என் கதை.

செப்டம்பர் நாற்காலிக்கு ஓட்டு: அவளுக்குப் பதினொன்று, எனக்கு நான்கு.

செப்டம்பர் 12

பெரிய சந்தைக்கு வேடிக்கை பார்க்கிறவனாகப் போனேன். அவள் முன்னால் இருபது பேர் வரிசை. பிரித்துப் போட்ட டைனமோ ஒன்று பக்கத்தில் கிடந்தது.

"ஆர்வல், இதைக் கொஞ்சம் மூடிக் குடுக்கிறீங்களா? கொண்டுவந்தவரு ரொம்ப நேரமா நிக்கிறாரு."

மூடினேன். போல்ட் இரண்டையும் முறுக்கினேன். வெட்டுகள் கோணலாக நின்றன. அப்படியே விட்டுவிடலாம், யாருக்குத் தெரியும்? ஒன்றை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். இன்னொன்றையும் நிறுத்தி அவள் முன்னால் வைத்தேன்.

அதைப் பார்த்தாள். மேசை நடுவில் அட்டையோடு இருந்த என் டைனமோவைப் பார்த்தாள். பிறகு என்னை. அட்டையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஹார்லன் இவ்வளவு பொறாமைக்காரர்னு யாருமே சொல்லலையே" என்றாள்.

எனக்குக் காது சுட்டது. அவளே தொடர்ந்தாள்: "நாற்காலி ஒண்ணு கொண்டாங்க. இடமில்லன்னு டெல்மர் சொன்னா, அவரை எந்திரிக்கச் சொல்லுங்க."

டெல்மரை எழுப்பி, அவன் நாற்காலியையே தூக்கிவந்தேன். அடுத்து வந்த டைனமோ எந்த வண்டியுடையது என்று அவள்தான் முதலில் சொன்னாள். எரிந்தது. ஆனாலும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.