எந்த நாளிலிருந்து

ஹிஜ்ரி 238, ரஜப் 2

காலையிலேயே மீன்காரியோடு சண்டை. வாய்க்காலில் தண்ணீர் ஏறும் நேரத்தில் படகை விட்டு இறங்கியவள், சேற்றைக்கூட அலம்பாமல் மீனைக் கூடையில் கொட்டுகிறாள். "கழுவாம மீன் விக்கிறவ வீட்டுல அல்லாஹ்வோட பரக்கத் தங்காது, தெரிஞ்சுக்க" என்றேன். "எங்க வீட்டு பரக்கத்த நாங்க பாத்துக்கறோம். நீங்க அடுப்பப் பாருங்க, ஷைகு மகளே" என்று போய்விட்டாள். வாய் என்றால் வாய். இந்த பஸ்ராவில் எனக்கு ஈடுகொடுக்க அவள் ஒருத்திதான். முற்றத்தில் உட்கார்ந்திருந்த வாப்பா எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தார்.

மாலையில் வழக்கம்போல் முற்றத்தில் ஹதீஸ் சபை, நபியவர்களின் சொற்களை ஷைகான வாப்பா சொல்லிக்கொடுக்கும் கூட்டம். அறுபது பேருக்குக் குறையாது. வாப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நான் நாணல் தட்டிக்குப் பின்னால், பதினைந்து வயதிலிருந்து உட்காருகிற அதே இடத்தில். எனக்குக் கல்யாணம் ஆனது, கட்டினவர் மவுத்தானது, விதவையாகத் திரும்பி வந்தது எல்லாம் நடந்தும் அந்த இடம் மட்டும் மாறவில்லை. வாப்பாவுக்கு எண்பத்தொன்று. ஒவ்வொரு ஹதீஸுக்கும் முன்னால் யார் யாரிடம் கேட்டது என்று நபியவர்கள் வரைக்கும் ஒரு பெயர் வரிசை உண்டு; அதில் எப்போதாவது ஒரு பெயர் நழுவினால் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பேன்.

தம்பி உமாராவுக்கு அஹ்வாஸிலிருந்து கடிதம். போன மாதம் பத்து நாள் அங்கே போய் வாப்பாவின் ஹதீஸ்களைச் சொல்லிவிட்டு வந்தான் அல்லவா, அடுத்த மாதம் ஷஃபானில் வந்து அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். கப்பலில் பத்து வருடம் ஊர் சுற்றி, குடித்து, வாப்பா பெயரைக் கெடுத்தவன். இந்த வருடப் பிறப்பில், முஹர்ரத்தில்தான் வந்து வாப்பா முன் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஆறு மாதத்தில் எழுநூறு ஹதீஸையும் கேட்டு முடித்துவிட்டான். "ராத்தா, என்னையும் ஷைகுன்னு கூப்பிடுறாங்க" என்று கடிதத்தை ஆட்டிக் காட்டினான். "தாடி நரைக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றேன். மனசு நிறைந்துதான் இருந்தது.

ரஜப் 5

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

இன்று சபையில் வாப்பா தனக்குக் கற்றுக்கொடுத்த உஸ்தாதின் பெயரைச் சொன்னார். அவருடைய உஸ்தாதின் பெயர், அங்கிருந்து நபித்தோழர், அங்கிருந்து நபி (ஸல்) அவர்கள். ஒரு பெயர்கூட இடறவில்லை. பிறகு சொன்னார் — கழுவாமல் மீன் விற்பவர் வீட்டில் பரக்கத் தங்காது.

அது என் வார்த்தை. மூணு நாளைக்கு முன்னால் அடுப்படி வாசலில் நான் மீன்காரியைத் திட்டியது.

அறுபது பேனாவும் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒருவர் "இன்னொரு தடவ சொல்லுங்க ஷைகே" என்றார். அதே பெயர் வரிசையோடு இன்னொரு தடவையும் சொன்னார்.

யா அல்லாஹ். நபியவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லாதீர்கள், நரகத்தில் இடம் தேடிக்கொள்ளாதீர்கள் என்று இதே முற்றத்தில் எத்தனை பேரை அழ வைத்திருக்கிறார். ஒரு எழுத்து சந்தேகம் என்றால் ஒரு ஹதீஸையே விட்டுவிடுகிற மனுஷன். அவரா?

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? யார் ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னாலும் முந்திக்கொண்டு திருத்துவேனே.

ரஜப் 6

யாரிடமும் சொல்லவில்லை.

ரஜப் 7

லுஹர் தொழுகைக்கு முன் வாப்பா தனியாக இருந்தபோது கேட்டுவிட்டேன். "வாப்பா, அந்த மீன் ஹதீஸ எப்பக் கேட்டீங்க?"

"கூஃபாவுல. அன்னைக்கு நல்ல மழை. உஸ்தாது பள்ளிவாசல்லேர்ந்து வீட்டுக்கு நடக்கறார், நான் பக்கத்துல நனைஞ்சுக்கிட்டே நடக்கறேன். ஒரு மீன் கூடை எதிர்ல வந்தது. அதப் பாத்துட்டு இதச் சொன்னார். தாள் நனையும்னு கையில எழுதிக்கிட்டேன்." சொல்லிவிட்டு உஸ்தாதை நினைத்து அழுதார். நிஜமான அழுகை.

பொய் சொல்கிறவரிடம் கோபப்படலாம். இவர் பொய் சொல்லவே இல்லையே. அந்த மழையைப் பார்த்திருக்கிறார். இதுதான் என்னை உலுக்கிப் போட்டது. இனி அவர் சொல்கிற எந்த மழையை நான் நம்புவது?

ரஜப் 8

உமாராவிடம் சொன்னேன். ஒரு வீட்டில் ஷைகுக்கு இப்படி நினைவு தடுமாறினால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். பிள்ளைகளே ஷைகைச் சபையிலிருந்து எழுப்பி உள்ளே உட்கார வைக்க வேண்டும். ஒரு நாளையும் சொல்ல வேண்டும். அந்த நாளுக்கு முன் அவரிடம் கேட்டது செல்லும், பின்னால் கேட்டது செல்லாது.

"ஒரு மீன் ஹதீஸ்தானே ராத்தா? வந்தவங்ககிட்ட சொல்லி அத அழிச்சிடலாம். சபைய நிறுத்தணுமா?"

"நாளைக்கு நீ தும்மினாலும் அது ஹதீஸ் ஆயிடும். அதையும் அழிக்கச் சொல்வியா?"

எழுந்து போய்விட்டான். நாளைக்கு வருகிறவர்களிடம் வாப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லலாம் என நினைத்திருக்கிறேன்.

ரஜப் 9

அதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டார். மர்வ் நகரத்து அப்பாத் வந்திருக்கிறார். ஊர் ஊராகப் போய் ஹதீஸ் சொல்கிறவர்களை நம்பலாமா கூடாதா என்று எடைபோட்டு எழுதுவதுதான் அவர் வேலை. எந்த ஊரிலும் அவர் வந்தால் ஷைகுகளின் வீட்டில் பேச்சு தாழ்ந்துவிடும். வாசலில் "வாப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். உள்ளேயிருந்து வாப்பா "யார் சொன்னது? வரச் சொல்லு" என்று கூப்பிட்டார்.

அப்பாத் பணிவாக உட்கார்ந்தார். பத்து ஹதீஸ்களை வாசித்தார். "இதெல்லாம் உங்க ஹதீஸ்தானே ஷைகே?" எல்லாமே வாப்பாவுடையவைதான், ஆனால் ஒன்றின் பெயர் வரிசையை இன்னொன்றின் தலையில் மாட்டியிருந்தார். முதல் வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. போன வருடம் யாராவது இப்படிச் செய்திருந்தால் வாப்பா செருப்பைத் தேடியிருப்பார்.

"ஆமா, என்னோடதுதான்" என்றார். இரண்டாவதற்கும் ஆமா. பத்துக்கும் ஆமா. குழந்தை மாதிரி தலையாட்டினார். நான் தட்டியின் நாணலைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், உள்ளங்கையில் கீறல்.

அப்பாத் மைக்கூட்டை மூடினார். வாசலுக்கு வந்து மெதுவாகக் கேட்டார். "எந்த நாளிலேர்ந்து?"

"இந்த ரஜப்லேர்ந்துதான்" என்றான் உமாரா, கேள்வி முடியும் முன்பே.

அவர் தட்டியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இத்தனை வருஷமா ஒரு சபைகூட விடாம கேட்டவங்க நீங்கதான்னு ஊரே சொல்லுது."

மூன்று நாள் தவணை கேட்டேன்.

ரஜப் 10

பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

போன வருடக் கடைசியில், துல்ஹஜ் 20-இல் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "வாப்பா இன்று நோன்பு ஹதீஸுக்கு வேறொரு ஹதீஸின் பெயர் வரிசையைச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம்." அதற்கு முந்திய பக்கங்களில் அப்படி ஒன்றும் இல்லை. முஹர்ரத்தில் நான்கு தடவை. அதற்கடுத்த ஸஃபரில் எண்ணவில்லை. "இன்று நிறையத் திருத்தம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன், ஏதோ வீட்டுக்கு ஒட்டடை அடித்த மாதிரி.

நான்தான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் எதை எடுத்துக் கொடுத்தாலும் ஆமா என்றார், அப்பாத்திடம் சொன்ன அதே ஆமா. மகள் உதவி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேனே. அந்த ஆறு மாதமும் சுவர் சரிவது வெளியே தெரியாமல் இருந்தது என்னால்தான்.

உமாரா கேட்டு முடித்த ஆறு மாதம்.

ரஜப் 11

அவனிடம் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

"இது உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

"ஆமா."

"கிழிச்சிடு ராத்தா."

குறிப்பை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"எழுநூறையும் நீ முந்தியே வாப்பாகிட்ட கேட்டு எழுதின புத்தகத்தோட ஒப்பிட்டுத்தானே எழுதியிருக்கேன்? ஒரு எழுத்து தப்பா இருக்கா, சொல்லு."

"இல்ல. ஆனா 'வாப்பா எனக்குச் சொன்னார்'னுதானே ஆரம்பிப்ப? வாப்பா எங்கடா சொன்னார்? நான் சொன்னேன், அவர் தலையாட்டினார்."

"நான் மனுஷனானதே அந்த ஆறு மாசத்துலதான். அத அழிச்சா என்கிட்ட என்ன இருக்கு? மறுபடி கப்பலா?"

சின்ன வயதில் இடுப்பில் வைத்துச் சுமந்த பிள்ளை. கிழிக்கிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும், வாய்வரைக்கும் வந்தது.

ரஜப் 12

"போன துல்ஹஜ் இருபதிலேர்ந்து" என்றேன்.

அப்பாத் எழுதிக்கொண்டார். உமாரா தூணில் சாய்ந்து நின்றான், என் பக்கம் பார்க்கவே இல்லை. அப்பாத் போகும்போது, "உங்க தம்பி கேட்டது எப்ப?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான். "முஹர்ரத்துலேர்ந்து." அதையும் எழுதிக்கொண்டு போனார்.

பிறகு உமாரா தன் தாள்களை எல்லாம் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனான். படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசி மையைப் போக்கினான். மாடியிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கிப் போக எனக்குத் தைரியம் இல்லை.

ரஜப் 13

அவன் படுக்கை காலி. சொல்லிக்கொள்ளவில்லை.

ரஜப் 20

சபை இல்லை. மாலையானால் வாப்பா முற்றத்துக்கு வந்து உட்காருகிறார். "எங்க எல்லாரும்?" என்கிறார். "வெயிலு வாப்பா, நாளைக்கு வருவாங்க" என்கிறேன். நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன். தெருவில் இரண்டு பேர் காதுபடவே சொன்னார்கள், "பெத்த அப்பனையே செல்லாதுன்னு சொன்ன மகராசி." சொல்லட்டும். இரவெல்லாம் அழுதேன் என்று இவர்களுக்கு எழுதியா கொடுக்க முடியும்?

ஷஃபான் 9

அஹ்வாஸிலிருந்து வந்த பேரீச்சை வியாபாரி ஒருவர் வாசலில் நின்று சொன்னது.

போன வெள்ளிக்கிழமை உமாரா அங்கே பெரிய பள்ளிவாசலில் எழுந்து நின்றானாம். "போன தடவை என் வாப்பாகிட்டேர்ந்து கேட்டதா உங்ககிட்ட சொன்ன எல்லாத்தையும் அடிச்சிடுங்க. அது செல்லாது" என்றானாம். ஒருவர், "அப்ப உம்மகிட்ட என்னதான் இருக்கு?" என்று நக்கலாகக் கேட்டிருக்கிறார்.

"முறையா என் கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. நான் ஏழு வயசுல, அண்டை வீட்டு மாதுளம்பழத்தத் திருடிட்டு வந்தப்ப, என் ராத்தா காதத் திருகிக்கிட்டே சொன்னது. அவங்க அத வாப்பா நல்லா இருந்த காலத்துல கேட்டது." என் முழுப் பெயரையும் வாப்பா பெயரையும், அங்கிருந்து ஒவ்வொரு பெயராக நபி (ஸல்) அவர்கள் வரைக்கும் சொல்லி, அண்டை வீட்டாரைப் பற்றிய அந்த ஹதீஸைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். முதலில் ஒருவர் அதை எழுதிக்கொள்ள மைக்கூட்டைத் திறந்தாராம், பிறகு பலர்.

நான் காதைத் திருகியது உண்மை. மறந்தே போயிருந்தேன்.

உள்ளே போய் வாப்பாவுக்கு ரொட்டியைக் குழம்பில் ஊற வைத்து ஊட்டினேன். "உமாரா அஹ்வாஸ்ல ஒரு ஹதீஸ் சொன்னானாம், வாப்பா."

"யார்கிட்டேர்ந்து கேட்டானாம்?"

என் பெயரைச் சொன்னேன். வாப்பா மென்றுகொண்டே யோசித்தார். நான் யாரென்று இப்போது அவருக்குத் தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பழைய நாட்களில் ஒருவரை எடைபோடும்போது வருகிற அந்தச் சுருக்கம் நெற்றியில் வந்தது.

"அந்தப் பொண்ணு நம்பகமானவ. அவகிட்டேர்ந்து எழுதிக்கலாம்."

துல்ஹஜ் இருபதுக்குப் பிறகு சொன்னது. செல்லாது. நாளைக் குறித்துக் கொடுத்தவளே நான்தான். இங்கே மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.