சனிக்கிரக மனிதனும் என் பீரோவும்

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஸ்கூட்டருக்கு கிளட்ச் வயர் மாற்ற வேண்டும். கெரசின் வாங்க வேண்டும்.

பதினொரு மணிக்கு சேது. கமலாவின் தம்பி. பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு வீடியோ காசெட். ‘சனிக்கிரக மனிதன்’ இரண்டாம் பாகம், தெலுங்கு டப்பிங். ஆகஸ்ட் எட்டு ரிலீஸ். நைஜாம் ஏரியா, அதாவது தெலங்கானா முழுக்க விநியோக உரிமையை இவனும் கூட்டாளி பிரபாகரும் வாங்கியிருக்கிறார்கள். தியேட்டர்காரர்களுக்குப் போட்டுக் காட்ட மெட்ராஸில் இரண்டே காசெட் கொடுத்தார்களாம். ஒன்று பிரபாகரிடம், ஒன்று இவனிடம்.

"அத்தான், இது உங்க பீரோவுலயே இருக்கட்டும். என் ரூமுக்கு நாலு பேர் வர்றான் போறான். உங்ககிட்ட இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்."

முதல் பாகம் இங்கே செகந்திராபாத்தில் நூறு நாள் ஓடியது. அந்தத் தைரியத்தில் இப்போது திருச்சி வீட்டை அடகு வைத்திருக்கிறான். அவர்கள் அப்பா கட்டிய வீடு. பாதி கமலாவுக்கு. அவளும் கையெழுத்துப் போட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கமலாவுக்குப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். சாயங்காலம் காபி, பஜ்ஜி, படம். வீடியோ டெக் சேது வாங்கிக் கொடுத்தது, முதல் பாகத்து லாபத்தில். இந்த வீட்டில் யாராவது அதைத் தினம் ஒரு தடவை எனக்கு ஞாபகப்படுத்துகிறார்கள்.

படம் மோசமில்லை. சனிக்கிரகத்துக்காரன் இந்தத் தடவை குடும்பத்தோடு வந்து இறங்குகிறான். ராக்கெட்டுக்குள் எங்கள் கம்பெனி கேன்டீனில் இருப்பது மாதிரியே ஒரு சுவிட்ச்போர்டு.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நான் உள்ளே போன நேரம். மகள் விஜி, ராக்கெட் இறங்குவதை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று டெக்கை நிறுத்தி, சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டாள். பத்துப் பதினைந்து வினாடி. ராக்கெட் கதவு திறக்கிறது. உடனே ஒருவன் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு நெல்வயலில் மருந்தடிக்கிறான். டி.வி.யில் அப்போது ஓடிய விவசாய நிகழ்ச்சி அப்படியே பதிந்துவிட்டது. அப்புறம் மறுபடியும் ராக்கெட்.

காசெட் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு உண்டு. அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது. சேது உடைக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. லட்சணம்.

கமலா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பயந்துவிட்டாள். "விஜி, மாமாகிட்ட சொல்லக் கூடாது, என்ன?"

"ஹவ் மம்மி, நை போல்தியூம்."

சொல்ல மாட்டாளாம். நான்காம் வகுப்பு படிக்கிறாள். நாம் தமிழில் கேட்டால் அவள் இந்தியில்தான் பதில் சொல்வாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் புண்ணியம்.

ஜூலை 24, வியாழன்

டி.எம். கூப்பிட்டனுப்பினார். டெபுடி மேனேஜர், கும்பகோணத்துக்காரர். எங்கள் பிரிவில் யார் மேலே போவது, யார் இருந்த இடத்திலேயே இருப்பது எல்லாம் அவர் பேனாவில். முப்பதாம் தேதி எனக்குப் ப்ரமோஷன் இன்டர்வியூ.

தார்நாகாவில் புது வீடு கட்டியிருக்கிறார். சனிக்கிழமை கிருகப்பிரவேசம். இங்கே விசேஷம் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு வாடகை டி.வி., வாடகை டெக், மூன்று படம். அது இல்லாவிட்டால் வந்தவர்கள் மதிக்க மாட்டார்கள்.

"உங்க மச்சினன் படம் உங்க வீட்டுலயே இருக்காமே? ரிலீஸ் ஆகாத படம்னா வர்றவாளுக்கும் ஒரு இதுவா இருக்கும் பாருங்கோ."

அவருக்கு யார் சொன்னது? நான்தான். திங்கட்கிழமை கேன்டீனில் பெருமை அடித்துக்கொண்டேன். ஏழு வருஷமாக ஒரே நாற்காலி, பெருமையடிக்க வேறு என்ன இருக்கிறது எனக்கு.

"ஒரு ராத்திரிதானே சார்" என்றேன்.

ஜூலை 26, சனி

ஆபீஸ் பையில் காசெட். கமலாவிடம் சொல்லவில்லை. டெக்காரன் நம் மெட்டுகுடா முனையில் வீடியோ லைப்ரரி வைத்திருக்கும் யாதகிரி. இரண்டு டெக் கொண்டு வந்திருந்தான். ஒன்று கெட்டால் இன்னொன்று என்றான். பொறுப்பான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு பரவாயில்லை. பாயசம் திகட்டியது. படம் போடும் நேரம் நாற்காலி போதவில்லை. டி.எம்.மின் சகலைக்கு இடம் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

மழை. காலை ஒன்பதரைக்கு யாதகிரியே காசெட்டைக் கொண்டு வந்தான். கமலா கோயிலுக்குப் போயிருந்தாள், நல்லதாகப் போயிற்று. காசெட் சூடாக இருந்தது. வெயிலில் வைத்திருப்பான்.

டி.எம். படத்தில் பாதிக்கு முன்பே தூங்கிவிட்டாராம்.

ஜூலை 30, புதன்

இன்டர்வியூ நன்றாகவே போனது. டி.எம். சிரித்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லீவு போட்டுவிட்டு சேதுவுடன் தியேட்டருக்கு. பெட்டிக்கு மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய். பிரபாகர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நல்ல மனிதர், பத்து வருஷமாக சேதுவோடு இருக்கிறார். பேரிலேயே சனியை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ரிலீஸா என்று தியேட்டர் மேனேஜர் கேலி செய்தார். முதல் பாகத்துக்கும் அதே பேர்தானே என்றான் சேது.

மார்னிங் ஷோ முக்கால். மேட்னி பாதி. ஈவினிங் அதற்கும் கீழே. சேது கவுன்டர் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தான்.

"மழை அத்தான். நாளைக்கு ஏறிடும்."

போஸ்டர் அடியில் நனையாமல் நின்ற இரண்டு பேர். "சல்தா க்யா?" "நக்கோ யார். வீடியோ பே தேக் லியா." படத்துக்கு வருகிறாயா என்று ஒருவன்; வேண்டாம், வீடியோவிலேயே பார்த்துவிட்டேன் என்று மற்றவன். சேது காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பால்கனியில் பதினோரு பேர். அதில் சேது, பிரபாகர், நான் என்று நாங்களே மூன்று பேர்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விடாத மழை. நேற்று தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். முழுசாக ஒரு வாரம்கூட ஓடவில்லை.

சாயங்காலம் யாதகிரி கடைக்குப் போனேன். உள்ளே நிற்க இடமில்லை. எல்லாரும் நம் படத்துக்குத்தான். பன்னிரண்டு காசெட் வைத்திருக்கிறான், பன்னிரண்டும் வெளியே. சிலேட்டில் முன்பதிவுப் பட்டியல் போட்டிருக்கிறான். முதல் பாகத்தைக்கூட ஜனங்கள் திரும்பக் கேட்கிறார்களாம்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டான்.

"மீரே கதா சார் இச்சிந்தி" என்றான். நீங்கள்தானே சார் கொடுத்தீர்கள். அப்புறம் தமிழில், எனக்குப் புரியாதோ என்று: "சார், உங்க படம் சூப்பர் ஹிட் சார். தியேட்டர்ல ஆடலேன்னா என்னா? வீட்டுல ஆடுது." இனிமேல் எனக்கு எந்தப் படமும் வாடகை இல்லையாம். கார்டு எழுதி நீட்டினான்.

அன்றைக்கு ஏது வெயில். ராத்திரி முழுக்க ஓட்டி ஓட்டிக் காப்பி எடுத்திருக்கிறான், காலையிலும் விடவில்லை. இரண்டு டெக்கைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை. கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சேது வந்தான். தாடி. நிஜாமாபாத்தில் இன்னும் ஒரு தியேட்டரில் ஓடுகிறது, அதைப் பார்த்துவர வீடியோ பஸ்ஸில் ஏறியிருக்கிறான்.

"டிக்கெட் வாங்கி உட்கார்றேன் அத்தான். லைட்டை அணைச்சான். என் படம். பஸ்ஸே கை தட்டுது. இறங்கிப் போயிடலாம்னு பார்த்தேன், பஸ் ஊரைத் தாண்டிடுச்சு. மூணு மணி நேரம் என் படத்தை நானே உட்கார்ந்து பார்த்துட்டுப் போனேன். அங்க போனா தியேட்டர்ல ஆள் இல்ல."

கொஞ்சம் பொறுத்து: "நடுவுல ஒருத்தன் வயல்ல மருந்தடிக்கிறான் அத்தான். நம்ம படத்துல அது இல்லவே இல்ல. சனிக்கிரகத்துல விவசாயம் பண்றாங்கன்னு ஜனங்க சிரிக்கிறாங்க."

கமலா என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

அவன் போனதும் கேட்டாள், "யாருக்குக் கொடுத்தீங்க?" சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ப்ரமோஷன் லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை. கிடைத்தவன் கிருகப்பிரவேசத்துக்கே வராதவன்.

டி.எம்.: "அடுத்த வருஷம் பாக்கலாம், மனசுல வெச்சுக்காதேங்கோ. ஆமா, மூணாவது பாகம் எடுக்கறாளா?"

டீ குடித்தேன். நாற்பது இரும்புப் பாகம் இன்ஸ்பெக்ட் செய்தேன், ஆறு ரிஜெக்ட்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சேது நாலு காசெட்டோடு வந்தான். சனத்நகர், பேகம்பேட், வாரங்கல், அந்த பஸ். டெக்கில் ஒவ்வொன்றாகப் போட்டான். நாலிலும் மருந்தடிக்கிறவன். விஜி டியூஷன் போயிருந்தாள், தப்பித்தேன்.

விநியோகஸ்தர் சங்கத்தில் ஒரு பெரியவர், திருடனைக் கண்டுபிடிக்க வழி சொல்லியிருக்கிறார். இருந்தது இரண்டே காசெட். எதில் இந்த ஆள் இருக்கிறானோ அங்கிருந்துதான் போயிருக்கிறது. பிரபாகர் தன்னுடையதை மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன் என்கிறாராம். மெட்ராஸில் வரவில்லை என்கிறார்கள்.

"அவன்தான் அத்தான். போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டேன். நேத்து முழுக்க அவனை அங்க உட்கார வெச்சாங்க. நம்ம காசெட்டை எடுங்க. அது சுத்தமா இருக்குன்னு காட்டிட்டா கேஸ் நிக்கும்."

பீரோ சாவி ஆபீஸில் மாட்டிக்கொண்டது என்றேன். சாவி அவன் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. நம்பினான். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று போனான். கமலா அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

மதியம் கம்பெனி கேட்டில் ஆள் காத்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னான். பிரபாகர். குடை இருந்தும் நனைந்திருந்தார்.

"சார், நான் செய்யலை சார். என் பொண்ணுங்க மேல ஆணை. சேது என் மூஞ்சியே பாக்கறதில்லை. நீங்க சொன்னா அவன் கேப்பான்."

பார்க்கிறேன் என்றேன். லஞ்ச் முடிந்துவிட்டது என்று உள்ளே வந்துவிட்டேன். முடிய இருபது நிமிஷம் இருந்தது.

இப்படி ஒரு ஈனப்பிறவி நான் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காசெட்டை டிபன் பையில் வைத்துக் கொண்டு போனேன். எங்கள் பிரிவில், விரிசல் இருக்கிறதா என்று பார்க்க இரும்புப் பாகங்களுக்குக் காந்தம் ஏற்றுவோம். பார்த்து முடித்ததும் காந்தத்தை இறக்க ஒரு மெஷின். குகை மாதிரி இருக்கும், தள்ளுவண்டி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும். காசெட்டில் படம் பதிவதும் காந்தத்தால்தான். எல்லாரும் சாப்பிடப் போனதும் காசெட்டை அதில் வைத்து மூன்று தடவை விட்டேன்.

மூன்றாவது தடவை பிரபாகர் ஞாபகம் வந்தது. இது வெறுமையாகிவிட்டால் அவர் சுத்தமென்று காட்டவும் வழியில்லை. ஞாபகம் வந்தும் வண்டியை நிறுத்தவில்லை.

கெரசின் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. பதினொரு மணிக்கு சேது. கமலா காபி கொடுத்தாள். நான் பீரோவைத் திறந்து காசெட்டை எடுத்துக் கொடுத்தேன். 

டெக்கில் போட்டான். புள்ளி புள்ளியாக வெள்ளை. இரைச்சல். முன்னால் ஓட்டினான், பின்னால் ஓட்டினான். எல்லாம் அதே.

"மழைக்காலம், பீரோவுக்குப் பின்னால சுவரெல்லாம் ஓதம்" என்றேன். அவன் அதையும் நம்பினான். தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு அத்தான். இருந்த ஒரே சாட்சி. வீடும் போச்சு, இதுவும் போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். முப்பத்து நாலு வயது ஆள்.

விஜி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். மாமாவுக்கு இந்தி அவ்வளவாக வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் தேடித் தேடித் தமிழில் சொன்னாள்.

"மாமா, அழ வேணாம். நல்லதும் ஆயிடுச்சு. நான் பட்டன் அமுக்கிட்டேன்ல, அந்த மருந்து அடிக்கிற ஆளும் போயிட்டான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அம்மா சொன்னாங்க."

டி.வி. இரைந்துகொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை.

சேது என்னைப் பார்த்தான். "யாருக்குக் குடுத்தீங்க அத்தான்?"

"டி.எம். வீட்டு கிருகப்பிரவேசத்துக்கு. ஒரு ராத்திரி."

"ப்ரமோஷன் ஆச்சா?"

"இல்ல."

சேது ஆறிப்போன காபியை முழுதாகக் குடித்தான். எழுந்து போய்க் குழாயடியில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறான். ஒரு நாளும் கமலா அவனை டம்ளர் கழுவ விட்டதில்லை. இன்றைக்கு அவன் கழுவுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரபாகர் வீட்டுக்குப் போகிறேன் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.