மணி அடிக்காத பகல்

கம்பைநல்லூர்,
செவ்வாய்

அன்புள்ள மாமா,

உங்கள் ஆத்தா அடக்கத்துக்கு நீங்கள் வந்து சேரவில்லை என்று ஊரார் உங்களைத்தான் குறை சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை.

கோலாருக்கு வந்த தந்தியில் சாயங்காலம் இறந்ததாக இருந்திருக்கும். ஆத்தா உயிர் போனது விடியற்காலையில். அன்றைக்கு இடைத்தேர்தல். கோயிலில் சாவு மணி அடித்தால் நம் தெருவே வாசலில் வந்து உட்கார்ந்துவிடும், ஒருவரும் ஓட்டுப் போடப் போகமாட்டார்கள் என்று உங்கள் அண்ணன் பயந்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் வூட்டுல ஒருத்தரும் அழுவக் கூடாது" என்றார். ஆத்தாவைக் கம்பளியால் போர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

எனக்கு இன்னும் ஓட்டர் பட்டியலில் பேரில்லை. மத்தியானம் அண்ணன் ஆத்தாவின் சீட்டை என் கையில் கொடுத்தார். முக்காடு போட்டுக்கொண்டு போனேன்.

"இன்னாசியம்மாள் யாருங்க?" என்று ஓட்டுச்சாவடியில் கேட்டார்கள்.

"நான்தானுங்க" என்றேன். நம் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த அண்ணன் தலையாட்டினார்.

நேற்று எண்ணி முடித்தார்கள். ஒரே ஓட்டில் ஜெயித்துவிட்டோமாம். தெருவில் வெடி வெடிக்கிறார்கள், அண்ணன் கழுத்தில் மாலை.

நான் விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன், மை போகவில்லை. அன்று சாயங்காலம் ஆத்தாவைக் குளிப்பாட்டியதும் இந்த விரலோடுதான்.

உங்கள் மனைவி