தெர்மோஸ்டாட்டைக் கழற்றியவன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை, கட்டுப் பிரித்த கால் மட்டும் காலையில் கொஞ்ச நேரம் முரண்டு பிடிக்கிறது. நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் சுகமாக இருக்க வேண்டும். பேத்தி தூங்கும்போது வாயால் மூச்சு விடுகிறாள் என்று எழுதியிருந்தாய், டாக்டரிடம் காட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் வைத்தியம் கேட்டுக்கொண்டிருக்காதே. தம்பி போனில் அழுதான் என்றும், பெற்றவள் செய்கிற காரியமா இது என்றும் கேட்டிருக்கிறாய். ஒரு பக்கம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவதில் நீ உன் அப்பாவேதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு நம் வேனை ஓட்டித்தான் உங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினேன். இப்போது என் பக்கத்தையும் கேள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததும் வண்டிச் சாவியை அவன் கையில் கொடுத்தேன். அதுவரை அந்த வண்டிக்கு அவன் செய்த சேவை கண்ணாடி துடைத்ததுதான். அட்டைப்பெட்டி ஃபேக்டரிப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டி வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே முகம் வெளிறி வந்து நின்றான். "முள்ளு பாதி வரைக்கும் ஏறுதும்மா, எஞ்சின் வெடிச்சிடுமா?" என்றான். சூடு காட்டுகிற முள் நடுவில்தான் நிற்க வேண்டும், சூடில்லாத எஞ்சின் ஒழுங்காக ஓடாது என்று சொன்னேன். நம்பவில்லை. டயர் கடைக்காரனிடம் போய்க் கேட்டிருக்கிறான். அந்த மேதாவி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு, எஞ்சின் ஜில்லென்று இருக்கும் என்று சொல்ல, இவனும் கழற்றிப் போட்டுவிட்டான்.

உனக்கு அது என்னவென்று தெரியாது. உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சாமான், உள்ளே மெழுகு இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, தண்ணீரை, அதை ஆற வைக்கிற ரேடியேட்டருக்குப் போக விடாது, அதனால் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். வேண்டிய சூடு வந்ததும் மெழுகு உருகிப் பெருத்துக் கதவைத் திறக்கும். நம் வண்டியில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே தண்ணீர் உள்ளுக்குள் சுற்றுகிற குறுக்கு வழியை அடைத்துவிடும். அது இல்லாவிட்டால் சமதளத்தில், குளிரில், எஞ்சின் சூடே ஏறாது. பாரத்தோடு நீண்ட மேட்டில் ஏறினாலோ பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் கொதிக்கக் கொதிக்க எஞ்சினுக்கே திரும்பும்.

ஒரு நாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியடிக்குப் போனேன். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸில் கை வைத்தேன். கதவு திறக்கும்வரை அது ஜில்லென்று இருந்து, அப்புறம் சட்டென்று சுட வேண்டும். இதுவோ எடுத்த எடுப்பிலேயே வெதுவெதுவென்று வந்தது. கழற்றிவிட்டான் என்று பிரித்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. உன் தம்பி பல்லெல்லாம் தெரிய, "இப்ப முள்ளே ஏற மாட்டேங்குதும்மா" என்றான். "கெட்டிக்காரன்டா நீ" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. என் பேச்சை விட டயர் கடைக்காரன் பேச்சு பெரிதாகப் போனவனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? அவனே வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

குளிர்காலம் வந்தது. ஹீட்டரைப் போட்டாலும் ஜில்லென்ற காற்றுதான், பெண்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவனைத் திட்டித் தீர்த்தார்கள். டீசலைக் குடம் குடமாகக் குடித்தது. எஞ்சின் சூடேறாமல் ஈரம் தங்கி, ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாகக் களி மாதிரி படிந்திருந்ததை என்னிடமே கொண்டுவந்து காட்டினான். துடைத்துவிட்டு மூடு என்றேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பிறகு ஃபேக்டரியை மலை மேல் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். முதல் நாள் காலையில் என் கட்டில் அருகே வந்து நின்றான். "ஃபுல் லோடும்மா, மேட்டுல ஏத்தலாமா? ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றான். வந்து கேட்டான் என்றுதானே சொல்ல வருகிறாய்? மேட்டைப் பற்றிக் கேட்டான், தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "உன் வண்டி, நீயே பாத்துக்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பாதி மேட்டில் முள் சிவப்பைத் தாண்டியிருக்கிறது. இறங்கிப்போய்த் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறான். கொதிநீர் வலது கையிலும் பாதி முகத்திலும் அடித்துவிட்டது. வண்டியில் இருந்த பேக்கிங் மேற்பார்வைக்காரிதான் வந்த லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவளைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வலது கண்ணில் இன்னும் புகை மூடின மாதிரிதான் தெரிகிறதாம்.

அவனுடைய துணிமணி எடுக்க அவள் வீட்டுக்கு வந்தாள். தெர்மோஸ்டாட் இல்லாததுதான் காரணம் என்று மெக்கானிக் சொல்லியிருக்க வேண்டும். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். "சொன்னா கத்துக்க மாட்டான், பட்டாத்தான் கத்துப்பான்" என்றேன். அவள் என்னை ஏசவில்லை. அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள், பழசையும் கிழிசலையும்கூட விடவில்லை. இரண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சலவைக் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார்கள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து, புது தெர்மோஸ்டாட் போட்டுக் கொடுத்துவிட்டான். நானே ஓட்டுகிறேன். முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் எல்லாரும் வேறு வேனுக்கு மாறிவிட்டார்கள். வண்டியை நிறுத்திப் போட்டால் கெட்டுவிடும் என்று காலையில் ஒரு சுற்றுப் போய் வருகிறேன். நேற்று அவன் சாலையோரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றான், மலை மேல் கிடங்கில் வேலையாம். நிறுத்தி, கதவைத் திறந்து, "ஏறுடா, உள்ள கதகதன்னு இருக்கு" என்றேன். "இல்லம்மா, எங்க வண்டி வந்துடும்" என்றான். அந்தத் தோல் சுருங்கிய கையாலேயே கதவைச் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மெதுவாகச் சாத்தினான்.

நீ பேசினால் அவன் கேட்பான். வீட்டுக்கு வரச் சொல், நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே. இதைப் படித்ததும் கிழித்துப் போடு, மாப்பிள்ளை கண்ணில் பட வேண்டாம். உன் குடும்பம் தழைக்கட்டும், உன் பிள்ளை உன் சொல் கேட்டு வளரட்டும்.

என்றும் உங்கள் நல்லதையே நினைக்கிற
அம்மா