தினமும் எழுதும் வரி

ஹாம்பர்க்

அன்புள்ள பூர்ணிமா,

குடவாசலில் எல்லோரும் சௌக்கியமா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் என் குரலைக் கேட்டால் பயந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

என் நோயெதிர்ப்பு அணுக்களை எடுத்து, ரத்தப் புற்றை அடையாளம் காண ஆய்வகத்தில் பழக்கி, போன வாரம் எனக்கே திரும்ப ஏற்றிவிட்டார்கள். நாற்றைப் பறித்து நட்ட மாதிரிதான். அவை வேலை செய்வதால்தான் காய்ச்சலாம். சில சமயம் மூளையும் குழம்புமாம். அதைப் பார்க்கத் தினமும் காலையில் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். முதல் நாள் கடிதம் எழுதுகிற பழக்கத்தில் என் கை "நான் நலம், நீங்கள் நலமா" என்று எழுதிவிட்டது. அதுவே என் வாக்கியமானது. வார்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. எழுத்து கோணியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

நேற்று புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள், சீர்காழிப் பெண். தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, 'நான், நீங்கள் நலமா'ன்னு இருக்கு. ரெண்டு நாளா 'நலம்' எழுதவே இல்லீங்களே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஊசி போட்டார்கள். இன்று தேவலை.

ஊறுகாய் கொடுத்தனுப்பாதே, உள்ளே விடமாட்டார்கள். அறுப்புக்கு முன் வயலைப் போட்டோ எடுத்து அனுப்பு. இந்தக் கடிதத்தில் ஏதாவது வார்த்தை விட்டுப்போயிருந்தால் மறைக்காமல் சொல். திரும்பப் படித்தாலும் எனக்குத் தெரிவதில்லை.

டாக்டர் வருகிறார். அம்மாவுக்கு இந்த வரியை மட்டும் படித்துக் காட்டு:

நான், நீங்கள் நலமா.

தியாகேசன்