கடலுக்கு மேல எத்தனை மணித்தியாலம்

அன்பு மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்காதே. கட்டுநாயக்கா விமான நிலையத்தில், தமிழ் தெரிந்த ஒரு உத்தியோகத்தரிடம் போய், "தம்பி, கடல் இல்லாம, தரைக்கு மேலால மட்டும் லண்டனுக்குப் போற பிளேன் இரிக்கா?" என்று கேட்டுவிட்டேன். வரிசையில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் மகள் மட்டும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்து நின்றாள்.

அவளுக்காகத்தான் கேட்டேன். லண்டனில் கலியாணம் சரிவந்திருக்கு. மாப்பிள்ளை நல்ல பொடியன், உன்னை விட நிறம், உன்னளவுக்குச் சாப்பிடவும் மாட்டானாம். எல்லாவற்றுக்கும் ஓம் என்றவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "மாமா, கடலுக்கு மேல எத்தனை மணித்தியாலம்?"

அலை வந்த அன்று அவளைக் கூரையில் ஏற்றிவிட்டு, "இந்தா வாறன் புள்ள" என்று போனாய். ஆஸ்பத்திரி, கோயில், பள்ளிக்கூடம் என்று எல்லா இடமும் தேடினோம். மண் போடக்கூட நீ கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு தங்கச்சியும் அவளும் வவுணதீவில் என்னோடுதான். இங்கே வயலும் வாவியும். அலை இல்லை.

பதினொரு மணித்தியாலமாம், ஐயாயிரம் மைலுக்கு மேலே. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது என்ன பிடிபடும்? சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனாலும் கட்டுநாயக்கா போய்ச்சேர எங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் எடுத்தது. சோதனைச் சாவடிக்குச் சாவடி பெட்டியைத் திறந்து அவளுடைய கூறைச்சேலையை விரித்துக் காட்டினோம். "இந்நேரம் லண்டனே வந்திருக்கும்" என்று பகிடி விட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

உள்ளே போகும்போது அவள் "போறன் மாமா" என்றாள். அப்படிச் சொல்லக்கூடாது என்று நான் ஏசவில்லை. வாறன் என்றவனை அவள் எத்தனை வருடம் பார்த்திருந்தாள்?

அடுத்த நாள் போன் எடுத்தாள். முன்சீற்றின் முதுகில் சின்ன டீவியாம், அதில் பிளேன் போகிற பாதை, கீழே முழுக்க நீலமாம். மூடிய யன்னலைப் பிறகு தானே திறந்தாளாம்.

"கடல் அசையவே இல்ல மாமா. ஆரோ படுத்து நித்திரை கொள்ற மாதிரிக் கிடந்தது. தரை வருமட்டும் பாத்துக்கொண்டே போனன்."

"அப்பனத் தேடினியாடி?" பகிடியாகத்தான் கேட்டேன்.

"ஓம் மாமா" என்றாள்.

மச்சான், அவள் மேலே போன நேரம் நீ அண்ணாந்து பார்த்தாயா?

ஊரைச் சிரிக்க வைக்கிற நானும் அலைக்குப் பிறகு கரைக்குப் போனதில்லை. அவளே கடலைப் பார்த்துவிட்டாள், இனிப் போகாமலிருக்க எனக்கு என்ன சாட்டு? அவள் செய்தி வரும்போதெல்லாம் வந்து உனக்குச் சொல்லுவேன். இது சத்தியம்.

நேற்று முதல் தடவை கரைக்கு வந்தேன். அவள் போய்ச்சேர்ந்ததைச் சொன்னேன். கட்டுநாயக்காப் பயணத்துக்கு வாங்கின புதுச்செருப்பில் இடதுகால் செருப்பை அலை எடுத்துப்போய்விட்டது. வலது செருப்போடு பஸ் ஏறினேன்.

உன் பெண்சாதியின் அண்ணன்,
உன் மகளின் மாமன்.