அப்பாவின் லேசரும் அந்தோணியார் மெடலும்

கிள்ளான்

அன்பு மகள் ஷார்மைனுக்கு,

இயேசுவின் கிருபையால் நான் நலம், ஜெர்மனியில் நீயும் உன் ஆராய்ச்சியும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன், உன் அப்பா நலமா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். வாட்ஸ்அப்பில் எழுதினால் எட்டிப் பார்ப்பார், அதனால்தான் கடிதம்.

ரயில்வேயில் முப்பது வருஷம் சிக்னல் பார்த்த மனிதர் ஓய்வு பெற்றபின் சும்மா இருந்தாரா? மகள் லேசரில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள், எனக்கு ஒன்றும் புரியவில்லையே என்று இணையத்தில் சாமான்கள் வாங்கி, கார் நிறுத்தும் இடத்தில் பலகை வெட்டும் லேசர் இயந்திரம் கட்டினார். கார் வெயிலில் காய்கிறது. சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் வேறு. பூசை முடிந்து திசைக்கொருவராகக் கலையும் கூட்டம் சாதாரண வெளிச்சமாம், எல்லோரும் ஒரே அடி வைத்து ஒரே பக்கம் நடந்தால் லேசராம். நம் பங்குக் கோயிலில் அப்படி யார் நடந்தார்கள் என்று கேட்டேன், கோபம் வந்துவிட்டது. இயந்திரத்துக்கு எதில் மூடி செய்வது என்று உன்னிடம் மூன்று முறை சந்தேகம் கேட்டார், "பிசியா இருக்கேன்லா பா, யூடியூப்ல பாருங்க" என்றாய். பார்த்தார். வேறு வகை லேசருக்குச் சொன்னதை நம்பி, நிறமில்லாத அக்ரிலிக்கில் மூடி செய்தார். நம் இயந்திரத்தின் நீல ஒளி அதை ஊடுருவி வருமாம், பிறகுதான் தெரிந்தது. பாதுகாப்புக் கண்ணாடியோ, கீறல் விழும் என்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் என் கல்யாணப் புடவையோடு அலமாரியில் இருந்தது.

போன சனிக்கிழமை முதல் வெட்டு, உன் பெயர்ப் பலகை. எந்த வேலை தொடங்கினாலும் அந்தோணியார் மெடலை அதன்மேல் வைத்து ஜெபிப்பாரே, அப்படியே பலகைமேல் வைத்தார், ஜெபித்தார், எடுக்க மறந்தார். ஒளி மெடலில் பட்டுத் தெறித்து நேரே அவர் வலது கண்ணுக்குள் போனது. புனிதர்மேல் பழி போடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்தக் கண்ணால் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. என் மூக்கே அவருக்குத் தெரியவில்லையாம், நான் முன்னைவிட அழகாக இருக்கிறேனாம், பேச்சைப் பார். பார்வை திரும்புமா என்று ஒரு மாதம் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் கண் டாக்டர். "புள்ளைகிட்ட சொல்லிடாதலா, தீசிஸ் எழுதற நேரம்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் எங்கே சொன்னேன், எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், மாதா உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவைக் கூப்பிட்டு, அந்தச் சந்தேகத்தை நாலாவது முறை கேட்கச் சொல்.

"வீட்டுல லேசரப் பத்தித் தெரிஞ்சவங்க யாருமே இல்லியா ஆன்டி?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா மகதலேனா